முழு மனதோடு தோற்க ஓர் ஆள்

அந்த ஆண்டு கடைசி இடத்தைப் பிடித்தே தீருவது என்று எங்கள் அணி முடிவு செய்தபோது, போட்டிகள் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

முடிவு செய்தவர் தாமோதரன் சார். கோவை மகளிர் கூடைப்பந்து அணியின் மேலாளர். அதற்கு முன்னால் முப்பது வருடம் பம்புசெட் தொழிற்சாலை நடத்தியவர். நான் அந்த அணியின் புள்ளிவிவரக்காரி. யார் எத்தனை தூரம் ஓடினாள், எந்தக் கோணத்திலிருந்து எறிந்த பந்து விழுந்தது, எது விழவில்லை என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

கடைசி இடத்துக்கு ஏன் இத்தனை ஆசை என்றால், காரணம் எழில். குன்னூர்ப் பெண். பதினெட்டு வயது, ஆறடி நான்கு அங்குலம். பந்து அவள் கையை விட்டுக் கிளம்பும்போதே எதிரணியினர் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த ஆண்டு அவள் லீக்குக்கு வருகிறாள். புதிதாக வருகிறவர்களை யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். எட்டு அணிகளில் கடைசி நான்கு அணிகளுக்குத்தான் குலுக்கலில் இடம். மொத்தம் நூறு பந்துகள். கடைசி இடத்துக்கு நாற்பது, ஏழாவது இடத்துக்கு முப்பது, ஆறாவதுக்கு இருபது, ஐந்தாவதுக்குப் பத்து. எவ்வளவு மோசமாக ஆடுகிறோமோ அவ்வளவு அதிர்ஷ்டம்.

இந்த ஏற்பாட்டில் எந்த அணிதான் ஒழுங்காக ஆடும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று அணிகள் போட்டி போட்டுக்கொண்டு தோற்றன. ஒரு ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கூடை போட மறுத்து, பந்தை ஆளுக்கு ஆள் உபசாரம் செய்வதுபோலக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள். அதன்பிறகுதான் லீக் முயற்சிப் பட்டையைக் கொண்டுவந்தது.

நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, கெண்டைக்கால்களில் இரண்டு ஒட்டுகள். அந்த உடம்பால் எவ்வளவு முடியும், இந்த நிமிடம் எவ்வளவு கொடுக்கிறது என்று ஒப்பிட்டு நூற்றுக்கு ஒரு எண் சொல்லும். நடித்தால் கண்டுபிடித்துவிடும். ஓர் ஆட்டத்தில் அணியின் சராசரி எண்பத்தைந்துக்குக் கீழே போனால், அந்தத் தோல்வி குலுக்கல் கணக்கில் சேராது. பயிற்சியாளருக்கும் பட்டை உண்டு. அணியில் பட்டை கட்டாதவர்கள் தாமோதரன் சாரும் நானும் மட்டும்தான்.

அதனால்தான் அவர் அந்த விஷயத்தை என்னிடம் மட்டும் பேசினார்.

"அம்மிணி, நாம தோக்கோணும். ஆனா மனசாரத் தோக்கோணும். வழி இருக்குதா?"

"திறமை இல்லாதவங்களா எடுத்தாப் போதுங்களே சார்."

"அதுல ஒரு சிக்கல் இருக்குது. மட்டமா ஆடுறவங்களுக்குத் தோக்கத் தோக்க மனசு விட்டுப் போயிருது. மனசு விட்டா எண்ணு எறங்கிருது. எண்ணு எறங்குனா தோல்வி செல்லாது. எனக்கு வேண்டியது, எத்தன தோத்தாலும் அடுத்த பந்துக்கு உசுரக் குடுத்து ஓடுற ஆளு. ஓடியும் ஒண்ணும் நடக்கக் கூடாது. புரியுதுங்களா?"

புரிந்தது. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், கணக்காகப் பார்த்தால் மிக அழகான கேள்வி அது. மாவட்டப் போட்டிகள், கல்லூரிப் போட்டிகள், ஆசிரியர்களுக்கான விளையாட்டு விழா வரைக்கும் அப்போது பட்டை வந்துவிட்டிருந்தது. நாற்பத்தோராயிரம் பெண்களின் பதிவுகளை எடுத்து, முயற்சி உச்சத்திலும் பலன் பாதாளத்திலும் இருப்பவர்களை வரிசைப்படுத்தினேன். பட்டியலின் முதல் பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. முயற்சி எண் தொண்ணூற்றெட்டு. அவள் களத்தில் இருக்கும் நேரத்தில் அவளுடைய அணி சராசரியாகப் பதினான்கு புள்ளி பின்தங்கியது.

தொலைபேசியில் அழைத்தேன்.

"கோயம்புத்தூர் டீம்லருந்தா? ஆள் மாறிப் போச்சு மேடம். ஊருக்குள்ள ஜெசிந்தான்னு இன்னொரு பிள்ள இருக்கு, காலேஜ்ல ஆடுது. நல்லா ஆடும். அது நம்பர் வேணுமா?"

"இல்லைங்க. உங்களத்தான் கூப்பிடறோம்."

மறுமுனையில் தூரத்தில் ஒரு விசில் ஊதும் ஒலியும், "எல்லாம் நில்லுங்கடி" என்று அவள் யாரையோ அதட்டுவதும் கேட்டது.

"மேடம், என்ன பாத்து எடுத்தீங்க?"

"உங்க முயற்சி எண்ணுங்க. அந்த மாதிரி எண் தமிழ்நாட்டுலயே யாருக்கும் இல்ல."

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவள் வந்து சேர்ந்தாள். ஐந்தடி ஏழு அங்குலம், முட்டியில் பழைய தையல் தழும்பு, எதற்கும் முன்கூட்டியே தயாராகச் சிரிக்கிற முகம். ஆட்டத்துக்குக் குறைந்தது இருபது நிமிடம் அவளை இறக்க வேண்டும் என்று பயிற்சியாளர் வைஜயந்தியிடம் தாமோதரன் சார் சொல்லிவைத்தார். ஸ்பான்சர் விருப்பம் என்றார். பட்டை கட்டிய வைஜயந்திக்கு அதற்கு மேல் தெரியக் கூடாது.

முதல் ஆட்டத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. களத்தில் எந்த மூலையில் பந்து இருந்தாலும் ஜெசிந்தா அதை நோக்கிப் பாய்வாள். அவள் காவல் காக்க வேண்டியவள் பின்னால் தனியே நின்று நிதானமாகக் கூடை போடுவாள். தோழிக்குப் பந்து கொடுத்தால் அது கல்லடியாகப் போய் விரலில் விழும். கூடைக்குக் கீழே தனியாக நின்றால் பதற்றத்தில் பலகைக்கு மேலே எறிவாள். தவறவிட்ட அடுத்த நொடி, தானே அந்தப் பந்தின் பின்னால் விளம்பரப் பலகைகள் மேல் விழுந்து எழுந்து ஓடுவாள். எண் தொண்ணூற்றெட்டு. தொடர்ந்து ஒன்பது தோல்வி. ஒன்பதும் செல்லும்.

"தங்கம் அம்மிணி, தங்கம்!" என்றார் தாமோதரன் சார்.

ரசிகர்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவள் தரையில் சறுக்கி விழும்போதெல்லாம் அரங்கமே "ஜெசி! ஜெசி!" என்று எழுந்து நின்றது. மற்ற பெண்களும் அவளைப் பார்த்துக் கூடுதலாக ஓடினார்கள். அதனால் நடுவில் மூன்று ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தோம். அந்த மூன்று நாட்களும் தாமோதரன் சார் சாப்பிடவில்லை.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெசிந்தா என் மேசைக்கு வருவாள். அப்போதெல்லாம் நான் அவளுக்குக் கனிஷ்கா ஆகிவிட்டிருந்தேன். அவள் எனக்கு அக்கா.

"கனிஷ்கா, இன்னிக்கு எவ்வளவு?"

"தொண்ணூற்றெட்டுக்கா."

"அப்பாடா" என்பாள். "தோத்தது தோத்தாச்சு. குடுக்க வேண்டியதக் குடுத்துட்டோம்ல."

இருபது ஆட்டம் முடிந்தபோது எங்களுக்கு மூன்று வெற்றி, மதுரை அணிக்கும் மூன்று வெற்றி. கடைசி ஆட்டம் எங்களுக்குள். தோற்பவருக்கு நாற்பது பந்து. அதற்கு இரண்டு நாள் முன்னால், வாளியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அதில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. முட்டி வீங்கியிருந்தது. நான் வலி நிவாரண மாத்திரை கொடுக்கப் போனேன்.

"ஒரு நல்ல சேதி. ஸ்கூல்ல எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

"என்னத்த எழுதிக் கொடுத்தீங்க?"

"ராஜினாமா. ஆறு மாசம் லீவு முடியுது, வர்றியா இல்லையான்னு எச்.எம். கேட்டாக. இங்க எப்படியும் அடுத்த வருசமும் வச்சுக்குவாங்கல்ல? பிள்ளைகளுக்கு வாத்தியார் இல்லாம இடத்தப் பிடிச்சு வச்சிருக்கக் கூடாது பாரு."

அடுத்த வருடம் அவள் கிடையாது. ஆறு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம். எழில் வந்தபிறகு ஜெயிக்க வேண்டும், அதற்கு ஜெசிந்தா எதற்கு? மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குலுக்கல், கடைசி இடம், பட்டியல், அந்தப் பதினான்கு புள்ளி. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாளியில் மிதந்த ஐஸ் கட்டிகளையே பார்த்தேன்.

அவள் ஓர் ஐஸ் கட்டியை எடுத்து வீங்கிய முட்டியில் வைத்து அழுத்தினாள்.

"எத்தன பேர்ல தேடுன?"

"நாப்பத்தோராயிரம் பேருக்கா."

"அதுல நான்தான் முதலா?"

"ஆமாங்க்கா."

ஜெசிந்தா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கப் பயமாக இருந்தது.

"எங்க போனாலும் கடைசி பெஞ்சு. ஒரு தடவையாச்சும் எதுலயாவது முதலா வரணும்னு மாதாகிட்ட வேண்டாத நாள் இல்ல. எதுலன்னு தெளிவாச் சொல்லாம விட்டுட்டேன்." காலை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்தாள். "வைஜயந்தி மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க்கா. பட்டை கட்டுனவங்க யாருக்கும் தெரியாது."

"அது சரி" என்றாள். "மாத்திரையக் குடு."

கடைசி ஆட்டத்தன்று அரங்கம் நிரம்பியிருந்தது. மதுரை அணியில் முப்பத்தாறு வயதுக்காரி ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆசிரியை, பெயர் செல்வமுத்து. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பட்டியலில் இரண்டாவது பெயர் அவளுடையது. மதுரையிலும் யாரோ ஒரு புள்ளிவிவரக்காரி அதே கேள்விக்கு விடை தேடியிருக்கிறாள்.

ஜெசிந்தா ஆடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாமோதரன் சார் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, அவ எண்ணு எழுவத்தி ஒண்ணுன்னு காட்டுது. பட்டை நழுவிருச்சுங்களா?"

பட்டை நழுவவில்லை. ஜெசிந்தா ஓடவில்லை. நடந்தாள். பந்து தன் பக்கம் வரும்வரை நின்றாள். தன்னிடம் விடப்பட்ட ஆளோடு மட்டும் நகர்ந்தாள். தோழிக்குப் பந்து கொடுத்தபோது அது கையில் வைத்ததுபோல் போய் உட்கார்ந்தது. யாருக்காகவும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்ட ஒருத்தியின் ஆட்டம் அது. இருபது வருடமாகத் தன் முயற்சியே தன் காலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்க வேண்டிய நான், எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களின் எண் நன்றாக இருந்ததால் அணியின் சராசரி எண்பத்தெட்டு. தோற்றால் செல்லும். ஒன்பது நொடி மிச்சமிருந்தபோது ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். தாமோதரன் சார் கண்ணை மூடிக்கொண்டு மருதமலை முருகனைக் கூப்பிட்டார்.

பந்து ஜெசிந்தாவிடம் வந்தது. பழைய ஜெசிந்தா அங்கிருந்தே எறிந்திருப்பாள். இவள் பந்தை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள். எதிரே செல்வமுத்து தன் முழு உயிரையும் திரட்டிக்கொண்டு பாய்ந்தாள். அப்படி ஒரு பாய்ச்சலை நான் பார்த்ததில்லை. அவள் ஜெசிந்தாவைத் தாண்டி, எல்லைக் கோட்டைத் தாண்டி, புகைப்படக்காரர்கள் மேல் போய் விழுந்தாள். ஜெசிந்தா ஓர் அடி முன்னால் வைத்து, பந்தைக் கூடைக்குள் போட்டாள்.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. நாங்கள் ஜெயித்துவிட்டோம். கேமரா எங்கள் பக்கம் திரும்பியதால் தாமோதரன் சார் எழுந்து நின்று கைதட்ட வேண்டியிருந்தது.

ஜெசிந்தா அன்று என் மேசைக்கு வரவில்லை. செல்வமுத்துவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடிதம் அடுத்த வாரம் அவளுக்குப் போனது.

குலுக்கல் சென்னையில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. கண்ணாடி உருளைக்குள் நூறு பந்துகள் சுழன்றன. முதல் நாற்பது எண்கள் எட்டாவது இடத்துக்காரருக்கு, அடுத்த முப்பது ஏழாவது இடத்துக்கு. வெளியே உருண்டு வந்தது ஐம்பத்து மூன்று. ஏழாவது இடம், அதாவது நாங்கள்.

தாமோதரன் சார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நாங்கள் திட்டப்படி தோற்றிருந்தால் ஐம்பத்து மூன்று மதுரையின் பந்தாக இருந்திருக்கும். இதை அவருக்குச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் நம்ம திட்டம்தான் அம்மிணி" என்றார்.

அதே வாரம் லீக் ஒரு செய்தியாளர் கூட்டம் நடத்தியது. பட்டை வந்தபிறகு தோல்விகள் நேர்மையாகிவிட்டனவாம். இந்த மகத்தான வெற்றியைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டு முதல் வெற்றிக்கும் அதே விதி. சராசரி எண்பத்தைந்துக்குக் குறைந்தால் அந்த வெற்றி செல்லாது. மனமில்லாமல் பெறும் வெற்றி விளையாட்டுக்கே அவமானம் என்றார் தலைவர்.

எழில் முதல் ஆட்டத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி எடுத்தாள். இருபத்தாறு வித்தியாசத்தில் ஜெயித்தோம். செல்லவில்லை. அவளுடைய எண் அறுபத்தொன்று.

"நான் என்னங்க்கா பண்றது?" என்று என்னிடம் கேட்டாள். அழுதுவிடுவாள்போல இருந்தது. "போட்டா விழுது."

ஒரு புள்ளிக்காக ஏங்கும் அணிகளின் நடுவே, ஒரு குழந்தைக்குச் சிரமப்படக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது எங்களுக்கு. ஆட்டத்துக்கு முன்னால் மருதமலைப் படிகளில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னார்கள். தேவையில்லாத இடத்தில் துள்ளச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் எண் எழுபத்தொன்பதுக்கு வந்தது. புள்ளி பன்னிரண்டுக்கு இறங்கியது. நேராகப் போன பந்துகள் வளையத்தில் பட்டுத் தெறித்தன. எழில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"அவள அவ பாட்டுக்கு விட்டுரலாம்" என்றார் தாமோதரன் சார் ஒரு காலையில். "சராசரியத் தூக்கறதுக்கு இன்னொரு ஆள் போதும். தொண்ணூத்தெட்டுக்காரி. கெளம்புங்க அம்மிணி."

திண்டுக்கல்லுக்குக் காரில் போனோம். ஜெசிந்தாவின் பழைய பள்ளியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன நடுநிலைப் பள்ளியில் இருந்தாள். சிமெண்டுத் தரை, துருப்பிடித்த வளையம். விளையாட்டு நேரம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார். வா கனிஷ்கா." கோபம் எதுவும் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. "இந்தத் தடவ என்னத்துக்கு?"

"ஜெயிக்கறதுக்குங்க" என்றார் தாமோதரன் சார். ஒப்பந்தத்தை நீட்டினார். "ரெண்டு வருசம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குது, ஒருக்கா பட்டையக் கட்டி எண்ணப் பாத்துக்கலாங்களா?"

அவள் மறுக்கவில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு களத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். பந்தை எறிந்தாள், எடுத்தாள், மறுபடி ஓடினாள். வியர்த்து, மூச்சு வாங்கித்தான் ஓடினாள். பத்துக்கு ஏழு விழுந்தது. என் திரையில் எழுபத்து நான்கு.

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்கோ அம்மிணி!" என்று தாமோதரன் சார் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்.

அவள் இன்னும் வேகமாக ஓடினாள். எழுபத்தாறு. அதற்கு மேல் ஏறவில்லை. தாமோதரன் சார் கருவியைத் தட்டிப் பார்த்தார்.

"பழுதுங்களா?"

"இல்லைங்க சார்" என்றேன்.

ஜெசிந்தா வந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். "அந்த எண்ணு இப்ப என்கிட்ட இல்ல சார். இருந்தாக் குடுத்திருப்பேன், சத்தியமா. எனக்கும் இங்க சம்பளம் பாதிதான். ஆனா தேடிப் பாத்தேன், உள்ள இல்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "வேற யாரையாச்சும் எடுக்கறதா இருந்தா, எதுக்கு எடுக்குறீங்கன்னு முதல்லயே சொல்லிருங்க."

"சொன்னா எண்ணு எறங்கிப் போயிருமேங்க" என்றார் தாமோதரன் சார்.

"எறங்கட்டும் சார். ஆட்டம் ஏறுதுல்ல."

மணி அடித்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கைகாட்டிவிட்டுப் போனாள்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தாமோதரன் சார் முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"முதல் பேரு இவ. ரெண்டாவது, மதுரைக்காரங்க பிடிச்சுட்டுப் போனாங்க. மூணாவது யாருங்க அம்மிணி?"

மூன்றாவது பெயர் எனக்கு மனப்பாடம். ஊரும் தெரியும், வேலையும் தெரியும், எண்ணும் தெரியும்.

"அந்தப் பட்டியல அப்பவே அழிச்சுட்டேங்க சார்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நான் சொன்னது பொய். மடிக்கணினியைத் திறந்து, உடுமலை வருவதற்குள் அதை உண்மையாக்கினேன்.